கால்சியத் தகட்டில் காற்று பட்ட அரை மணி

“தயாரிப்பிலேயே தகடு கெட்டிருந்தது” என்று அறிக்கையில் அச்சாகியிருந்த வரியை, சோதனைக்குத் தகடு செய்து தந்தே தகட்டக்கா என்று பெயர் வாங்கியவள் மூன்று தரம் படித்தாள். நாலாவது தரம் படித்திருந்தால் காகிதம் கிழிந்திருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி: தகட்டறைப் பொறுப்பு இனி வேறொருவருக்கு. இருபத்திரண்டு வருஷமாக அவள் கையில் இருந்த அறை.

அந்த முடுக்கிக்கூடத்தில் நடப்பது மாயமொன்றுமில்லை, பயப்படாதீர்கள். டியூட்ரான் என்பது புரோட்டானும் நியூட்ரானும் கைகோத்த ஜோடி. அதை வேகமாக ஓட்டிக் கால்சியத் தகட்டில் மோதவிடுவார்கள். உரசிப் போகிறபோது நியூட்ரான் கால்சிய அணுக்கருவுக்குள் குடிபோய்விடும். புரோட்டான் மட்டும் தனியே வெளியே வரும். அது வந்த வேகத்தையும் கோணத்தையும் அளந்தால், உள்ளே போனது எந்த மாடியில், அதாவது எந்த ஆற்றல் நிலையில், குடியேறியதென்று தெரிந்துவிடும்.

ஆனால் கால்சியம் ரோஷக்காரி. காற்று பட்டால் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஆக்ஸிஜனில் பட்ட கணக்கும் கால்சியக் கணக்கோடு கலந்துவிடும். ஆய்வுக் குழுத் தலைவர், வரைபடத்தில் அப்படி முளைத்த ஒரு சிகரத்தைப் புது மாடியென்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார். வேறொரு கூடத்தில் அது ஆக்ஸிஜன்தான் என்று நிரூபித்து, சிரித்தும் விட்டார்கள். அதற்குப் பிறகு தலைவர் எழுதியதுதான் இந்த அறிக்கை.

அவள் நேரே, தகட்டைக் காற்றுப் படாமல் வைத்து மோதவிடும் சோதனைக் கூண்டுக்குப் போனாள். அதைப் பராமரிப்பவர் அவள் கணவர். ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“மூணு நாள் சோதனையில ரெண்டாம் நாள் கூண்டைத் திறந்தீங்களா?”

“அரை மணி நேரம்தான். உள்ள வயர் கழண்டுடுச்சு. தகட்டை வெளிய எடுத்துப் பத்திரப்படுத்திட்டுத் திறந்தா ஆறு மணி நேரம் வீணாகும்னாரு தலைவர். குறிப்பேட்ல எழுத வேணாம்னும் சொன்னாரு.”

“நீங்களும் தலையாட்டினீங்க!”

“இந்தா பாரு, பெரிய இடம். நமக்கெதுக்கு வம்பு?”

“பழி ஓரிடம், பாவம் ஓரிடமா? பொண்டாட்டி தலை உருளுது, நீங்க போல்ட்டை உருட்டிக்கிட்டு நிக்கிறீங்க!”

பதினோரு மணிக்குத் தலைவர் அறையில் கூட்டம். கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

“முதல் நாள் வரைபடத்தைப் போடுங்க சார்.”

“அதுல புரோட்டான் எண்ணிக்கை கம்மிம்மா. எதுவும் சொல்ல முடியாது.”

“சொல்ல முடியலன்னாலும் பார்க்கலாமே. கண்ணு வலிக்காது.”

திரையில் போட்டார்கள். கால்சியத்தின் சிகரங்கள் சின்னதாக, சுத்தமாக நின்றன. ஆக்ஸிஜன் சிகரம் முளைக்கிற இடம் வழித்துத் துடைத்த பாத்திரம். மூன்றாம் நாள் படத்தில் அதே இடத்தில் கொம்பு முளைத்திருந்தது.

“என் அறையிலேயே கெட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கணும். நடுவுல எப்படிப் புகுந்துச்சு?”

அவளைத் தொடர்ந்து வந்து வாசலில் நின்ற கணவர் ஓரடி உள்ளே வைத்தார்.

“நான்தான் திறந்தேன். தகட்டை எடுக்காம. சார் சொல்லித்தான்.”

தலைவரின் காது சிவந்தது. “இதெல்லாம் கூட்டு முயற்சிம்மா. யார் தப்புன்னு தனியா…”

“அறிக்கையில மட்டும் ஒத்தை ஆளா இருந்துச்சே சார்?”

அவர் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் அடித்தார். அடுத்த வாரத்துக்குப் புதுத் தகடு வேண்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அடிச்சா போதாது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு எல்லாருக்கும் அனுப்புங்க. அது என் மேஜைக்கு வந்தப்புறம்தான் தகட்டுல கைவைப்பேன்.”

நடைவழியில் கணவர் பின்னாலேயே வந்தார். “சொல்லிட்டேன்ல? இன்னும் என்ன கோவம்?”

“நான் கேக்காமலே, திறந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்று தகட்டறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.