பத்ரு வரட்டும்

பத்ருன்னிசா வாயிலிருந்து பொய் வராது என்று பிரிட்ஜ்வாட்டரில் அவளைத் தெரிந்த எல்லாரும் சத்தியம் பண்ணுவார்கள். 2006 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே மணி நேரத்தில் அவள் சொன்ன பொய்களை எண்ண இரண்டு கை விரலும் போதாது. அதுவும் யாரிடம்? உண்மையைச் சொன்னால் உதவி கிடைக்கும் என்று வீடு தேடி வந்த நர்ஸிடம்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய நர்ஸ் அவள். வயதான காலத்தில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், வீட்டுக்கே ஆள் அனுப்பும் லாங் டெர்ம் கேர் பாலிசி அது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மருந்துக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தபோது, பத்ருன்னிசாவின் கணவர் ஜைனுதீன் ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. "நாளைக்கு நான் படுத்துட்டா நீ தனியா கெடந்து அல்லாடக் கூடாது பத்ரு" என்றார். "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று அவள் அன்றைக்குச் சண்டை பிடித்தாள்.

அவர் படுக்கவில்லை. நடந்தார். அதுதான் வினை. உடம்பு கல் மாதிரி இருந்தது, புத்திதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்தது. முப்பது வருஷம் பேசிய இங்கிலீஷ் முதலில் போயிற்று. பிறகு பாத்ரூம் எந்தக் கதவு என்பது போயிற்று. போன பனிக்காலத்தில் ஒரு நாள் வெறும் கைலியோடு ரூட் 22 ஹைவே வரைக்கும் போய்விட்டார். குளிப்பாட்டத் தொட்டால் அடித்தார். ஆகஸ்டில் அவரை டப்பிலிருந்து தூக்கப் போய், பத்ருன்னிசாவின் வலது தோளில் தசைநார் கிழிந்தது. தொழுகையில் தக்பீர் கட்டக்கூட அந்தக் கை காதுவரை எழும்பவில்லை. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணாவிட்டால் கை கையாக இருக்காது என்றார் டாக்டர். பண்ணினால் ஆறு வாரம் கையைக் கட்டிப்போட வேண்டும். அந்த ஆறு வாரம் இவரை யார் பார்ப்பது? ஆள் வந்தால்தான் ஆபரேஷன்.

ஆள் வர வேண்டுமானால், இவருக்கு முடியவில்லை என்று அந்த நர்ஸ் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பத்ருன்னிசா என்ன செய்தாள் தெரியுமா? காலையிலேயே அவருக்குச் சவரம் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, அத்தர் தடவி சோபாவில் உட்கார வைத்தாள். டயப்பர் பாக்கெட்டை மாடி அலமாரியில் ஒளித்தாள். மாப்பிள்ளை பார்க்க வரும்போதுகூட இவ்வளவு ஜோடனை கிடையாது. மகள் தஸ்னீமுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே நர்ஸ் கேட்பதைத் தமிழில் கேட்டு, அவர் சொல்வதை இங்கிலீஷில் சொல்லும் வேலையும் பத்ருன்னிசாவுக்குத்தான்.

இது என்ன வருஷம் என்று நர்ஸ் கேட்டாள்.

"கப்பல் போயிடுச்சா?" என்றார் ஜைனுதீன்.

"டூ தௌசண்ட் சிக்ஸ்" என்றாள் பத்ருன்னிசா.

"இந்த வெள்ளைக்காரி என் செருப்பத் தூக்கிட்டுப் போக வந்திருக்கா" என்றார் அவர். வந்ததற்கு நன்றி சொல்கிறார் என்றாள் இவள். தானே குளிப்பாரா? குளிப்பார். தானே உடுத்துவாரா? உடுத்துவார். நர்ஸ் எழுதிக்கொண்டே போனாள்.

கடைசியில், "உங்களை யாரென்று அவருக்குத் தெரிகிறதா, கேளுங்கள்" என்றாள்.

அந்த ஒரு கேள்வியைப் பத்ருன்னிசா இரண்டு வருஷமாகக் கேட்டதில்லை. நாள் முழுக்க "பத்ரு, பத்ரு" என்று வீடெல்லாம் தேடுவார். அவள் எதிரே போய் நின்றால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். ஆளைக் கண்டுகொண்டதால்தான் நிறுத்துகிறார், வேறென்ன, என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"டீ வேணுமாங்க?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"என் மனைவி என்கிறார்" என்றாள் நர்ஸிடம்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. உதவி தேவைப்படும் நிலையில் அவர் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். குடும்ப டாக்டரின் குறிப்பிலும் 'வயதுக்கேற்ற மறதி' என்றுதான் இருந்ததாம். இருக்காதா? அங்கேயும் பேசியது இந்த அம்மாதானே.

"உம்மா, ஒய்?" என்றாள் தஸ்னீம்.

"உங்க வாப்பாவ எதிர்ல உக்கார வெச்சுக்கிட்டு, இவங்க துணியிலேயே போயிடறாங்கன்னு எப்படிம்மா சொல்றது?"

"வாப்பாவுக்கு இங்கிலீஷ் புரியாது உம்மா. நாட் எனிமோர்."

"எனக்குப் புரியுமே."

அப்பீல் பண்ணினார்கள். இன்னொரு தடவை நர்ஸ் வருவாள், அதுவும் தவறினால் கதை முடிந்தது. ஜனவரியில் அதே நர்ஸ் வந்தாள். இந்த முறை தஸ்னீம் லீவு போட்டுவிட்டு உம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சவரம் கிடையாது, அத்தர் கிடையாது. ஒரு வார்த்தை மாற்றினாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவேன் என்று முதலிலேயே மிரட்டி வைத்திருந்தாள்.

பத்ருன்னிசா தரையைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நாலு வாக்கியத்துக்கு மேல் அந்த பாஷை ஓடவில்லை. அழுகை தமிழில்தான் வந்தது.

"என்னால தூக்க முடியலம்மா. அடிக்கிறாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவ துணி மாத்தறேன். கதவப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு சமைக்கிறேன். தொழுகையில ஒரு சலாம் கொடுத்து முடிக்கிறதுக்குள்ள ஓடியாறேன். இந்தக் கை போச்சு. இன்னொண்ணும் போயிடுச்சுன்னா யாரு பாப்பா?"

தஸ்னீம் ஒவ்வொன்றாக நர்ஸிடம் சொன்னாள். ஜைனுதீன் சோபா நுனிக்கு வந்து, நெற்றியைச் சுருக்கி, பத்ருன்னிசாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். ஐயோ, புரிந்துவிட்டதே என்று அவளுக்கு உயிரே போயிற்று.

நர்ஸ் பழைய கேள்விக்கு வந்தாள். உங்களை யாரென்று அவருக்குத் தெரிகிறதா, கேளுங்கள்.

பத்ருன்னிசா மகளைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் யாருங்க?"

ஜைனுதீன் சங்கடப்பட்டார். "தெரியலீங்களே" என்றார். பிறகு, வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசுகிற பதமான குரலில், "ரொம்பக் கஷ்டப்படுறீங்க போல. அழாதீங்க. பத்ரு வரட்டும், என் வீட்டுக்காரி. அவகிட்ட சொல்றேன், ஒத்தாசைக்கு வருவா. அவளுக்கு ரொம்ப இரக்க மனசு" என்றார்.

தஸ்னீம் நர்ஸ் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸ் காத்திருந்தாள். பத்ருன்னிசா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னாள். என்னைத் தெரியவில்லை என்றார். அழ வேண்டாம் என்றார். பத்ரு வந்ததும் எனக்கு உதவி செய்யச் சொல்வாராம். அவளுக்கு இரக்க மனசாம்.

"பத்ரு யார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"நான்தான்."

நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து தினமும் எட்டு மணி நேரம் ஆள் வரும் என்று இருந்தது. தஸ்னீம் போனில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய பத்ருன்னிசா கடிதத்தை மடித்துப் பாலிசி ஃபைலில் வைத்தாள். அதன் முதல் பக்கத்தில் அவருடைய அழகான கையெழுத்து இருந்தது.

ஹாலில் "பத்ரு, பத்ரு" என்று சத்தம் கேட்டது. எழுந்து போனாள். எதிரே அவளைக் கண்டதும் ஜைனுதீன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்நியப் பெண் முன்னால் நிற்கிற மாதிரி ஒதுங்கி நின்றார்.

"இப்ப வந்துடுவாங்க" என்றாள் பத்ருன்னிசா. "உக்காருங்க."