பூட்டச் சொன்னால் பூட்ட வேண்டும்

அந்த ஜேசன் மட்டும் என் கையில் சிக்கினால் எங்கள் ஊர் கிரே ஆற்றில் முக்கி எடுத்துவிடுவேன். அவன் பெயர் நிஜமாகவே ஜேசன்தானா, எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தான், ஆணா பெண்ணா, எதுவும் எனக்குத் தெரியாது. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதில் பல்லைக் காட்டுகிற ஒரு படம், அதன் கீழே பெயர். அவ்வளவுதான் அவன். அவன் கையில்தான் அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரனுடைய இடுப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

கெல்வின் முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்தே வேலை பார்த்தவன். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் கொடுத்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. போன் செய்தால் "கூப்பிடுவோம்" என்கிறார்கள். கிறைஸ்ட்சர்ச் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் அடுத்த மாதமே அறுத்து மூட்டை மாற்றிவிடுவார்கள். இருபத்தொன்பதாயிரம் டாலர். நான் மீனும் சிப்ஸும் பொரித்து விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். அந்தப் பணத்துக்கு நான் எங்கே போவது?

உட்கார்ந்தே கிடக்கிற மனுஷன் கம்ப்யூட்டரில் சீட்டாடினான். ஊரில் மற்றவர்கள் ஆடுவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இருபத்தொன்று ஆட்டம் ஒன்றுதான். இவ்வளவுக்கு மேல் தோற்றால் எழுந்துவிடுவது என்று கணக்கு வைத்திருப்பான். மதுக்கடைக் கூட்டாளிகள் எந்தச் சூதாட்ட சைட் எவ்வளவு போனஸ் தருகிறது என்று பார்த்துச் சேருவார்கள். இவன் ஒரு டாலர் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த சைட்டின் உதவி ஆட்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான். எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, கேட்டதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்களா, எழுதி வைத்ததை ஒப்பிக்கிறார்களா என்று பார்ப்பான்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இத்தனை கேள்வி கேட்டியாய்யா?" என்பேன்.

"கேக்காமதான் மாட்டிக்கிட்டேன்" என்பான். "சீட்டு எல்லா இடத்துலயும் ஒரே சீட்டுதான் கிளென். வம்புன்னு வந்தா அந்தப் பக்கம் மனுஷன் இருக்கானா இல்லையா, அதுதான் விஷயம்."

வம்பு என்ன என்று எனக்கு நவம்பரில் புரிந்தது. பதினாலாயிரம் ஜெயித்தான். பணத்தை எடுத்துத் தரச் சொன்னான். ஆனால் எடுக்கச் சொன்னவுடன் பணம் வங்கிக்கு வந்துவிடாது. இரண்டு நாள் அந்த சைட்டிலேயே கிடக்கும். அதன் கீழே சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும்: ரத்து செய்து விளையாடு. பசித்தவன் முன்னால் சோற்றை வைத்துத் தொடாதே என்பது மாதிரி. கெல்வின் தொட்டுவிட்டான். நான் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு வேகுவதற்குள் பதினாலாயிரமும் போயிற்று.

அதற்கும் ஒரு வழி உண்டு என்று ஆடிப் பழகினவர்களுக்குத் தெரியும். உதவி ஆளிடம் சொன்னால் அந்தப் பணத்தைப் பூட்டிவிடுவார்கள். பொத்தான் மறைந்துவிடும், ஆடுகிறவன் நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பக்கம் ஒருவர் காது கொடுத்துக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கெல்வின் முப்பத்தோராயிரம் ஜெயித்தான். எடுக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. உதவி ஆட்கள் காலையில்தான் வருவார்கள் என்று திரையில் போட்டிருந்தது. தன் போனை என்னிடம் கொடுத்தான். "உன் பையிலயே வச்சுக்க. கேட்டாலும் குடுக்காத. கெஞ்சினாலும் குடுக்காத" என்றான். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையில் அந்தச் சிவப்புப் பொத்தான் மேல் ஒட்டினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மறுநாள் காலை தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கெல்வின் தட்டினான்: "நேத்து எடுக்கச் சொன்ன பணத்தைப் பூட்டிடுங்க. ரத்து பண்ற பொத்தான் எனக்கு வேண்டாம்."

வந்தான் ஜேசன். "வணக்கம் கெல்வின்! உங்க வெற்றிக்கு வாழ்த்துகள்! இன்னைக்கு நாள் எப்படிப் போகுது?"

"மழை. பணத்தைப் பூட்டுங்க."

"உங்க பணம் பத்திரமா இருக்கு, கவலையே வேண்டாம்! வழக்கமா ரெண்டு நாள்ல வந்துடும்."

"பத்திரமா இருக்கான்னு கேக்கல. பூட்டச் சொன்னேன்."

"உங்க சிரமம் எனக்குப் புரியுது. உங்க பொறுமைக்கு நன்றி."

"என்னய்யா புரிஞ்சுது இவனுக்கு?" என்றேன்.

"படிக்கவே இல்ல கிளென்" என்றான் கெல்வின். "போன வருஷம் இங்க இருந்த ஆளுங்க நல்லவங்க. இது யாரோ புதுசு." குரல் சாதாரணமாக இருந்தது. ஆனால் மேஜைக்குக் கீழே அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, என் டீ கோப்பை கிணுகிணுத்தது. நான்காவது தடவையாகத் தட்டினான்: "எனக்கு இந்தப் பொத்தான் ஆபத்து. தயவுசெஞ்சு பூட்டுங்க."

இதைவிட ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? அதற்கு ஜேசன் அனுப்பினான்: "நல்ல செய்தி! இன்னைக்கே ரத்து செஞ்சு விளையாடினா எங்க பரிசா நாலாயிரம் டாலர் சேர்த்துத் தர்றோம்!" அதன் கீழே, பிளாஸ்திரிக்கு மேலே, அதே சிவப்பில் புதிதாக ஒரு பொத்தான் முளைத்தது.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது இதுதான். "நாசமாப் போறவனே!" என்று நான் கத்தினேன். கெல்வின் கத்தவில்லை. அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஊன்றி நடக்கிற கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"நீ தட்டு கிளென். என்னால இதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது. துணி துவைக்கிற ரூம்ல போய்க் கொஞ்சம் காலை நீட்டி நிக்கறேன்."

நல்லதுதானே என்று நினைத்தேன். அவன் போன் என் பையில் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். பாதி எழுதுவதற்குள் திரையில் வந்தது: உங்களிடமிருந்து பதில் வராததால் இந்த உரையாடல் முடிக்கப்பட்டது. போயே விட்டான்! மறுபடி அழைத்தால், உங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் என்றது.

எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் வரை வரிசை நிற்கும். ஒரு கையில் கரண்டி இருந்தாலும் நிமிர்ந்து வருகிறவர் முகத்தைப் பார்த்து "இதோ வந்துட்டேன்" என்போம். இங்கே முகம் எங்கே இருக்கிறது? ஒன்பது எட்டாகி, எட்டிலேயே நின்றது. துவைக்கிற அறையிலிருந்து சத்தமே இல்லை. அவன் நடப்பதே ஆமை நடை, போனால் வர நேரமாகும் என்று நானும் விட்டுவிட்டேன். டீ ஆறி ஆடை படிந்தது. கடைசியில் கட்டத்தில் வேறு பெயர் வந்தது. இல்ஸெ.

"வணக்கம். காலையில நடந்த பேச்சு முழுக்கப் படிச்சுட்டேன். நாலு தடவை கேட்டிருக்கீங்க. மன்னிக்கணும், முதல் தடவையே செஞ்சிருக்கணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆமா. இப்பவே பூட்டுங்க" என்று தட்டினேன்.

பிறகு வந்தது: "கெல்வின், ஒன்னு கேக்கணும். பணத்தை ரத்து பண்ணித் திரும்ப எடுத்திருக்கீங்களே. இப்பவும் ஆட்டம் ஓடிக்கிட்டிருக்கு. பூட்டணுமா, ஆடணுமா? எது வேணும்னு சொல்லுங்க."

என்ன உளறுகிறாள் என்று நினைத்தேன். பைக்குள் கையை விட்டேன். கெல்வின் போன் அங்கேதான் இருந்தது. அப்போதுதான் நெஞ்சில் இடி விழுந்தது. என் போன்! துவைக்கிற இயந்திரத்தின் மேல் சார்ஜில் போட்டிருந்தேன். அதற்குப் பூட்டே கிடையாது. அடி முட்டாளே, அவன் போனைக் கோழி முட்டை மாதிரி பத்திரமாக வைத்துக்கொண்டு உன்னுடையதை விட்டுவிட்டாயே!

ஓடுவதா, தட்டுவதா? ஓடினால் இவள் போய்விடுவாள். மறுபடி ஒன்பது பேர். தட்டினேன்: "நான் கெல்வின் இல்ல. அவன் பொண்டாட்டி. அவன் உள்ள ஆடிக்கிட்டிருக்கான். நிறுத்துங்க. கடவுளே, நிறுத்துங்க."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அடுத்தவர் கணக்கில் அடுத்தவர் நுழையக் கூடாது, நுழைந்தால் பணமே கிடைக்காமல் போகலாம் என்று கெல்வின் நூறு தடவை சொல்லியிருக்கிறான். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இல்ஸெயின் பதில் வந்தது. "அம்மா, இந்தக் கணக்கைப் பத்தி உங்ககிட்டப் பேச எனக்கு அனுமதி இல்ல. எவ்வளவு இருக்குன்னும் சொல்ல முடியாது. ஆனா கணக்குக்கு உரியவர் இல்லாத ஒருத்தர் உள்ள இருக்கார்னு தெரிஞ்சா, கணக்கை அந்த நிமிஷமே நிறுத்தி வைக்கறது என் வேலை. நிறுத்திட்டேன். அவரே வந்து தான் யாருன்னு காட்டினாத்தான் திறக்கும். பணம் எங்கயும் போகாது. நான் இங்கயேதான் இருக்கேன்."

அதே நேரம் உள்ளேயிருந்து கெல்வின் சத்தம் கேட்டது. "ஏய்! என்ன ஆச்சு இதுக்கு?"

போனேன். துவைக்கிற இயந்திரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான், என் போன் கையில். கம்பு தரையில் கிடந்தது.

"எவ்வளவு?" என்றேன்.

"கிளென்..."

"எவ்வளவுய்யா மிச்சம்?"

"பத்தொம்போது."

"பன்னண்டாயிரம் போச்சா? நான் அங்க அந்தக் கட்டையில போறவன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன், நீ இங்க நின்னு... மனுஷனாய்யா நீ?"

"அந்த நாலாயிரத்தை மட்டும் வாங்கிட்டு வந்துடலாம்னு..." முடிக்காமல் நிறுத்தினான். பிறகு சின்னக் குரலில் சொன்னான். "நாலு தடவை கேட்டேன் கிளென். என்னைப் பூட்டுன்னு நாலு தடவை கேட்டேன்."

கம்பை எடுத்துக் கொடுத்தேன்.

மேஜைக்கு வந்து, ஓட்டுநர் உரிம அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கேமராவுக்குக் காட்டினான். இல்ஸெ உடனே ஏற்றுக்கொண்டாள். "கெல்வின், பத்தொன்பதாயிரம் பத்திரமா இருக்கு. ரெண்டு வழி இருக்கு. பூட்டி வங்கிக்கு அனுப்பறேன், கணக்கையும் மூடறேன். இல்ல, திறந்து விடறேன். நீங்கதான் சொல்லணும்."

கெல்வின் விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு தட்டாமல் இருந்தான். "பத்தாயிரம்தான் குறையுது" என்றான், என்னைப் பார்க்காமல். "ரெண்டு கை நல்லா விழுந்தா போதும். இருபத்தொம்போது வந்துடும். எழுந்துடுவேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? எனக்கே ஒரு நொடி தோன்றியது, ஆடட்டுமே என்று. அந்த நொடிக்காக இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"எனக்குப் பயமா இருக்கு கெல்வின்" என்றேன். "கம்பை ஊனிக்கிட்டே நட, நான் பாத்துக்கறேன். ஆனா நீ மறுபடி ஆடறதைப் பக்கத்துல உக்காந்து பாக்க என்னால முடியாது. செத்துடுவேன்."

அவன் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இல்ஸெயும் ஒன்றும் எழுதவில்லை. பொறுமைக்கு நன்றி இல்லை, பரிசு இல்லை. பேச்சும் அறுபடவில்லை, அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி மட்டும் வந்தது. "அவசரம் இல்ல. நான் காத்திருக்கேன்."

மழை ஒரு பாட்டம் ஓய்ந்து மறுபடி பிடித்தது. கெல்வின் மெதுவாகத் தட்டினான்: "பூட்டுங்க. அனுப்பிடுங்க. கணக்கை மூடிடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவும்."

பச்சைப் புள்ளி அணைவதற்கு முன்னால் அவள் ஒன்று கேட்டாள், வேறு சைட்டுகளிலும் இவனைச் சேர்க்காமல் தடுக்க உதவுகிற போன் எண் ஒன்று இருக்கிறது, தரட்டுமா என்று. அதையும் வாங்கிக்கொண்டான்.

பிறகு கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. நான் பேசுகிறேன் என்றேன், விடவில்லை. "பணம் சேரலைம்மா. என் இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுங்க" என்றான். அந்தப் பெண் ஏதோ ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். "பரவால்ல, பரவால்ல" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தான். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி எதிர் நாற்காலி மேல் வைத்துக்கொண்டான்.

அப்போது கம்ப்யூட்டரில் டிங் என்று ஒரு மின்னஞ்சல். இன்று காலை ஜேசன் உங்களுக்கு எப்படி உதவினார்? ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடுங்கள். அதன் கீழே எழுத ஒரு கட்டம்.

"குடு இங்க!" என்று பாய்ந்தேன். "நான் எழுதறேன். அவன் பரம்பரையே படிச்சுட்டுக் காதைப் பொத்திக்கிற மாதிரி எழுதறேன்."

கெல்வின் என் கையை விலக்கிவிட்டான். நட்சத்திரம் எதையும் தொடவில்லை. கட்டத்துக்குள் எழுதினான்: "ஜேசன் மிகவும் மரியாதையாகப் பேசினார். கேட்டதைச் செய்திருந்தால் நான் அடுத்த மாதம் நடந்திருப்பேன்."