பத்தொன்பதாவது கட்டம் காலி

ஆசிட் விற்பனைக்குப் புதிய விதி வரும்போதெல்லாம் குப்பண்ணன் கடை ஓர் அறை நீளும். இப்போது பத்தொன்பது அறை. பதிவேட்டிலும் பத்தொன்பது கட்டம். கடைசி அறைக்குப் போய்ச் சேரும்வரை நாகரத்தினம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். தரை பிசுபிசுக்கும். சுவர் வியர்க்கும். அந்த வியர்வையில் ஈ கூட உட்காராது.

அவள் பிழைப்பு அப்படி. ஈரோட்டில் பதினேழு கெமிக்கல் கடைகளுக்கு விதிப்படி பேப்பர் சரிசெய்து கொடுக்கும் ஆலோசகர். கெட்டிக்காரி. குப்பண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் அலமாரியில், மூடி இறுக்கிய பாட்டிலில், மண்டையோட்டுப் படத்துக்குப் பின்னால் மிதந்தன. லேபிள் ஒட்டியது அவள்தான்.

அன்று வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். மேலெல்லாம் பவுடர் வாசனை. ஐந்து லிட்டர் கேட்டான். ஆதார் நகல், போட்டோ எல்லாம் கையோடு இருந்தன. காரணம் என்ற கட்டத்தில் முத்து முத்தாக எழுதினான்: முகத்தில் ஊற்ற.

தூ! நாகரத்தினத்துக்கு எச்சில் கசந்தது.

"நல்ல மனுசனுங்கம்மிணி," என்றார் குப்பண்ணன். "மத்தவனெல்லாம் கக்கூஸ் கழுவன்னு பொய் எழுதறானுங்க."

"இவனுக்குக் குடுக்காதீங்க."

"கட்டமெல்லாம் நிரப்புனா இல்லீன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க."

அது உண்மைதான். அவள் வேறு வழி பார்த்தாள். "யார் மூஞ்சின்னு போடலையே. மொட்டையா இருந்தாச் செல்லாது."

"மன்னிச்சுக்கோங்கக்கா," என்று அவன் எழுதிச் சேர்த்தான். நாகரத்தினம், வயது நாற்பத்தொன்று, கருங்கல்பாளையம். கதவு எண் கூடச் சரி.

"இது நானு!"

"அட, நேர்லயே இருக்கறீங்க. நல்லதாப் போச்சு," என்றார் குப்பண்ணன். "ஆதார் நகல் இருக்குங்களா?"

அவள் அவனைப் பார்த்தாள். முன்பின் பார்த்த முகமே இல்லை. "பாவி, நான் உனக்கு என்னடா பண்ணினேன்?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்கக்கா."

கட்டம் கட்டமாகத் துழாவினாள். தேதி சரி. வயது சரி. தன் வேலையின் சுத்தம் அவளுக்கே குமட்டியது. பத்தொன்பதாவது கட்டம் மட்டும் காலி. ஆலோசகர் கையெழுத்து. அப்பாடா! போட மாட்டேன் என்று பதிவேட்டை அறைந்து மூடினாள்.

யாரும் வற்புறுத்தவில்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கர்ச்சீப்பை மடித்தான். குப்பண்ணன் டீ சொன்னார்.

மூடிய அட்டைக்குள் கட்டம் காலியாகக் கிடந்தது. பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு கட்டத்தையும் அப்படி விட்டதில்லை. முதுகு அரித்தது. பல் கூசியது. டீ ஆறி ஏடு கட்டியது. சீ, என்ன பிறவி இது என்று தன்னையே ஏசிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரையும் வைத்தாள்.

"பேப்பர் வேலைன்னா இதுதானுங்கக்கா," என்றான் அவன்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கடையில் இருந்த நாற்றங்களிலேயே அந்தப் பெருமைதான் சகிக்கவில்லை.

குப்பண்ணன் ஆசிட் கேனை எடுத்துக் கொடுத்தார். அவன் அதன் மூடியைத் திருகினான்.

"இங்க தொறக்காதீங்க," என்று அதட்டினாள். "காத்தோட்டமான எடத்துலதான் தொறக்கோணும்."

தான் உட்கார ஸ்டூலை அவளே வாசலுக்குத் தூக்கிப் போனாள்.