சிங்கி இறால் கேட்டவர்கள்

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பக்கத்துக் கடை ஸ்த்ராதிஸ் நேத்து மூணு சிங்கி இறால் வித்துட்டான். நீ வலையை மூலையில போட்டுட்டு இங்க தூங்கு" என்று காலையில் என் புருஷனைச் சீண்டினேன். பந்தெலிஸ் காபியைக்கூட முடிக்காமல் படகை எடுத்துக்கொண்டு தீவின் பின்பக்கம் போய்விட்டான்.

ஒரு மணி நேரத்தில் மெல்தெமி கிளம்பியது. பாழாய்ப்போன கோடைக்காற்று! எங்கள் ஃபூர்னித் தீவுக்கு வரவேண்டிய கப்பலையே பக்கத்துத் தீவு சாமோஸில் நிறுத்திவிட்டார்கள். இவன் படகு எம்மாத்திரம்? போன் செய்தால் அணைந்து கிடந்தது.

எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி. யாருக்கும் தெரியாத தீவைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். நாற்பது வருஷமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன், என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"அக்கா, சிங்கி இறால் ஸ்பகெட்டி எப்ப வரும்?" என்றான் பையன்.

"கடல்ல இருக்கு தம்பி. வரணும்ல?"

கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. காலையில் கிடைத்த எட்டுக்கால் பேய்க்கணவாயைத் தூக்கிக்கொண்டு போய்த் துறைப் பாறையில் அடித்தேன். சதை இளக நாற்பது அடி போதும். பத்து அடித்தேன், கடலைப் பார்த்தேன். பதினைந்து, மறுபடி கடல். அப்புறம் எண்ணிக்கை எங்கே போனதோ! 'கடல்ல போறவங்களைக் காக்கிற நிக்கோலா சாமி, அவனைக் கொண்டுவந்து சேர்த்துடு, இனிமே வாயே திறக்கமாட்டேன்' என்று ஒவ்வொரு அடிக்கும் வேண்டினேன். பார்த்தால் அது கூழாகிவிட்டது.

அதையே தக்காளியில் வேகவைத்துக் கொடுத்தேன்.

"இவ்வளவு மெத்துன்னு சாப்பிட்டதே இல்லக்கா! என்ன பக்குவம்?" என்றாள் அந்தப் பெண். பயம்தான் பக்குவம் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கும் நான் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்த்ராதிஸ்தான் கத்தினான். "ஏ அரெத்தி, அங்க இல்ல, பின்னால பாரு!"

மலைப்பாதையில் பந்தெலிஸ் இறங்கி வந்தான். காலில் செருப்பில்லை, முழங்கால் கிழிந்திருந்தது.

"படகு எங்க?"

"பாறையில மோதி உடைஞ்சுபோச்சு. நீந்திக் கரையேறி நடந்தே வர்றேன். வலையும் போச்சு, இறாலும் போச்சு."

"யோவ், காத்து வருதுன்னு தெரியாதா? அறிவிருக்கா உனக்கு?"

"நீதானேடி அனுப்புன."

கையிலிருந்த துணியால் அவன் முதுகில் இரண்டு போட்டேன். மூன்றாவதுக்குக் கை எழவில்லை. அவன் ஈரச்சட்டையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

உள்ளேயிருந்து அந்தப் பையன் எட்டிப் பார்த்தான். "அக்கா, சிங்கி இறால் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றேன். "விக்கமாட்டேன்."