உடம்பை மட்டும்

செர்வா நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவு இடம் விடவேண்டும் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் காலையில் கல்லறையில் சொல்லியிருந்தார்கள். சொன்னவன் வெள்ளை உடைக்குள் தலை முதல் கால் வரை மறைந்திருந்தான். அண்ணனின் பெட்டியைக் குழியில் இறக்கியவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். குடும்பத்தைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். அவளுடைய செருப்பில் மண்கூட ஒட்டவில்லை.

வேறு காலமாக இருந்திருந்தால் அண்ணன் டாக்டர் அடோமாக்கோவின் சாவுக்குக் கொனோங்கோ சாலையே அடைபட்டிருக்கும். சிவப்பும் கறுப்புமாகத் துணி உடுத்தி ஊர் முழுக்க வந்து உட்கார்ந்திருக்கும். இப்போது இருபத்தைந்து பேருக்குத்தான் அனுமதி. வாசலில் குழாய் வைத்த வாளியும் சோப்பும் இருந்தன. வருகிறவர்கள் முதலில் அதற்குத்தான் குனிந்தார்கள்.

அமோவா மாமா அவளருகில் வந்து நின்றார். அவர்தான் குடும்பத்தின் தலை. மருத்துவர் சங்கத்திலிருந்து வருகிறார்கள், தலைவர் துஃபோரே நேரில் வருகிறார் என்று சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல், "தண்ணிய நீதான் குடுக்கணும்" என்றார்.

அம்மா போன பிறகு வீட்டின் மூத்த பெண் அவள்தான். வந்தவர் உட்கார்ந்ததும் அவள் கையால் தண்ணீர் போகவேண்டும். தண்ணீர் குடித்த பிறகுதான் வந்த காரியம் என்ன என்று வீடு கேட்கும். கேட்ட பிறகுதான் வந்தவர் வாய் திறக்கலாம். அதுவரை கூரை தீப்பிடித்து எரிந்தாலும் விருந்தாளி பேசக்கூடாது.

செர்வா போட்ட நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அடுத்த நாற்காலியை எடுத்தாள்.

அவளுக்குச் சந்தையில் உறைமீன் கடை இருந்தது. மதியம் நோயாளிகள் குறைந்ததும் அண்ணன் அங்கே வந்து உறைபெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவான். நோய் வந்த பிறகு டாக்டர்களுக்கான பாடங்கள் எல்லாம் கைபேசிக்கு வந்துவிட்டன. எடைத் தராசில் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்ப்பான். திரையில் யாரோ ஒருவருடைய நுரையீரல் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது கானாங்கெளுத்தி கேட்டு வந்தால் தராசைக் கொடுத்துவிட்டு நுரையீரலைக் கையில் பிடித்துக்கொள்வான். வருடத்துக்கு இத்தனை புள்ளி என்று பாடம் கேட்டுச் சேர்த்தால்தான் டாக்டர்களுக்கு உரிமம் புதுப்பிக்கப்படும். "அறுபது நெருங்குது, இன்னும் மார்க்குக்கு அலையறேன் பார்" என்று சிரிப்பான்.

ஒருநாள் துஃபோர் கூப்பிட்டார். அண்ணனுடன் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர், இப்போது சங்கத் தலைவர். அண்ணன் கையில் மீன்செதிள் ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். கைபேசியில் கேட்கிற பாடத்துக்கு இனிமேல் புள்ளி கிடையாது, பாதிப் பேர் திறந்துவைத்துவிட்டுத் தூங்குகிறார்கள் என்றார் துஃபோர். விடுதியில் கூடம் பிடித்தாயிற்று, மருந்து கம்பெனிக்காரன் பணம் கட்டிவிட்டான், நாற்காலி காலியாக இருந்தால் தனக்குத்தான் அவமானம் என்றார். பாடம் என்னவென்றால், சிறிய மருத்துவமனைகளில் இந்த நோய் தொற்றாமல் டாக்டர்கள் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்பது.

அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அது துஃபோருக்கும் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் வீட்டிலிருந்தே கேட்கிறேனே என்று கெஞ்சலாகக் கேட்டான்.

"அடோமாக்கோ, நீ ஒண்ணும் படிக்க வேண்டாம், எழுத வேண்டாம். உன் உடம்பை மட்டும் கொண்டு வந்து உட்கார வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கூடத்துக்குப் போய்வந்த பலர் நோயில் படுத்தார்கள், அண்ணனும். துஃபோரும் படுத்தார். ஆனால் எழுந்துவிட்டார். அதைத்தான் செர்வாவால் பொறுக்க முடியவில்லை.

அவர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கூட இரண்டு டாக்டர்கள். இளையவர் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட இரங்கல் வாசகம். துஃபோர் இளைத்திருந்தார். கறுப்புத் துணி தோளில் நிற்காமல் வழுக்கியது. வாளியில் கை கழுவிவிட்டு நேரே அவளிடம் வந்து முழங்கையை நீட்டினார். இப்போதெல்லாம் அதுதானே கைகுலுக்கல்.

செர்வா இரண்டு கைகளையும் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். "தள்ளி நிக்கணும்னு நீங்கதானே டாக்டர் பாடம் எடுத்தீங்க."

அவர் முழங்கையை மடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அவள் தண்ணீர் கொண்டுபோகவில்லை. அடுப்படிக்குப் போய் அண்ணி ஜெமைமாவுக்கு வேர்க்கடலை சூப்பைக் கிளறிக் கொடுத்தாள். பிறகு வெளியே வந்து, துஃபோருக்குப் பின்னால் வந்த திருச்சபைப் பெண்களுக்கு எல்லாம் தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் வந்த காரியத்தைச் சொன்னார்கள், அழுதார்கள், கிளம்பினார்கள். தண்ணீர்த் தட்டு ஒவ்வொரு தடவையும் துஃபோரின் முழங்காலுக்கு எதிரில் வந்து திரும்பியது. முதல் தடவை அவர் கையை லேசாகத் தூக்கினார். அப்புறம் தூக்கவில்லை. நிழல் நகர்ந்து அவருடைய நாற்காலி வெயிலுக்கு வந்துவிட்டது. கேட்காமல் நகர முடியாது, கேட்பதற்கு வாய் திறக்க முடியாது. முற்றத்தில் இருந்தவர்கள் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் வேண்டுமென்றே செய்வது எல்லோருக்கும் புரிந்துவிட்டது, காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை.

மாமா அடுப்படிக்குள் வந்தார். குரலைத் தாழ்த்தித் திட்டினார். வந்த மனுஷனுக்குத் தண்ணீர் கொடுக்காத வீடு என்று பெயர் வந்தால் செத்தவனைத்தானே சொல்வார்கள் என்றார். அண்ணனுடைய மருத்துவமனையை வேறொரு டாக்டர் எடுத்து நடத்த இந்தத் துஃபோரின் வார்த்தைதானே வேண்டும் என்றார்.

"உடம்பு வந்திருக்கில்ல மாமா? உட்கார்ந்திருக்கில்ல? அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெமைமாவைப் பார்த்தார். அவளும் விழித்தாள்.

அப்போது முற்றத்தில் அந்த இளைய டாக்டர் சட்டத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, துஃபோரின் காதில் ஏதோ சொன்னது அடுப்படி ஜன்னலில் தெரிந்தது. துஃபோர் நாற்காலிக் கைகளைப் பிடித்து எழப் பார்த்தார். செர்வா கையிலிருந்த அகப்பை நின்றது. இவர் இப்படியே எழுந்து போய்விடலாம். ஒரு வார்த்தை சொல்லாமல், அவமானப்பட்டவராக, பார்க்கிறவர்கள் இரக்கப்படும்படி போய்விடலாம். வாயை அடைத்துவைத்து அவள்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

நல்ல கண்ணாடிக் குவளையாக எடுத்தாள். துடைத்தாள். குளிர்ந்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றித் தட்டில் வைத்து, வெயிலில் நேராக நடந்துபோய் அவர் முன்னால் நீட்டினாள்.

துஃபோர் முகமூடியை இறக்கி ஒரே மூச்சில் குடித்தார். முற்றம் மூச்சுவிட்டது.

குடும்பத்தின் வாய் என்று ஒருவர் உண்டு. வந்தவர் வீட்டிடம் நேராகப் பேசக்கூடாது. அவரிடம் சொல்லவேண்டும், அவர் அதைச் சபைக்கு எடுத்துச் சொல்வார். அந்த வேலை கிழவர் அஜெக்குமுடையது. ஒரு காலத்தில் வண்டி நிலையத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவி ஆள் ஏற்றியவர். அவர் கோலை ஊன்றி எழுந்தார்.

"இங்கே எல்லாம் அமைதி. வழி நடந்தவர்கள் நீங்கள். வந்த காரியத்தைச் சொல்லுங்கள்."

துஃபோர் முகமூடியை ஏற்றிக்கொண்டார். கெட்ட எண்ணம் எதுவும் கொண்டு வரவில்லை என்று முறைப்படி ஆரம்பித்தார். மருத்துவமனையில் நண்பனின் மூச்சு நின்ற செய்தி கேட்டுச் சங்கமே கலங்கிவிட்டது என்றார். அஜெக்கும் அதை உரக்கச் சொன்னார்.

செர்வா தட்டோடு அங்கேயே நின்றாள். துஃபோரைப் பார்க்காமல் அஜெக்குமிடம் சொன்னாள். "பாதி வழியிலேர்ந்து சொல்றார். இந்த வீட்டுக்கு வர்ற வழி ஆஸ்பத்திரியில ஆரம்பிக்கலன்னு சொல்லுங்க."

கிழவரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. முறை தெரிந்தவர்கள் பேசிக் கேட்டு நாளாயிற்று. "வண்டி எந்த ஊரில் கிளம்பியதோ அந்த ஊரிலிருந்து சொல்லவேண்டும், விருந்தாளி."

துஃபோர் விடுதிக் கூடத்திலிருந்து தொடங்கினார்.

"அதுக்கும் முன்னாடி" என்றாள் செர்வா.

அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "ஸ்பீக்கர்ல இருந்துச்சா?"

"ஸ்பீக்கரில் இருந்ததா என்று கேட்கிறார்" என்றார் அஜெக்கும் சபைக்கு.

"ஆமான்னு சொல்லுங்க."

துஃபோர் முகமூடிக்குள் ஏதோ சொன்னார். கிழவர் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி சொன்னார். மறுபடி கேட்கவில்லை. கடைசியில் துஃபோர் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பட்டை அழுத்திய கோடு கன்னத்தில் இருந்தது.

அஜெக்கும் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தி, ஊர்ப்பெயரைக் கூவும் அதே குரலில் சொன்னார்.

"உன் உடம்பை மட்டும் கொண்டு வந்து உட்கார வை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நண்பனிடம் சொன்னேன் என்கிறார்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கோலைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். அடுப்படி வாசலில் ஜெமைமா நின்றிருந்தாள். மாமா தலைகுனிந்துகொண்டார். யாரோ ஒரு பெண் உடம்பு என்ற சொல்லை மட்டும் முணுமுணுத்தாள்.

செர்வா இந்த நிமிடத்தைப் பல நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். இதற்கப்புறம் அவர் தடுமாறுவார், சமாதானம் சொல்வார், அவள் ஒவ்வொன்றாக வெட்டுவாள்.

"அப்புறம்?" என்றாள், காவல் நிலையத்தில் கேட்பதுபோல.

துஃபோர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "வந்தான்" என்றார். "லேட்டா வந்தான். கிளம்பற நேரத்துல ஒரு பொம்பளை புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டாளாம். ஜன்னல் ஓரமா உட்கார்ந்தான். ஜன்னலைத் திறந்தான். ஏசி ஓடுதுன்னு விடுதிக்காரன் வந்து மூடினான். இவன் திரும்பத் திறந்தான். அவன் திரும்ப மூடினான். நான் அதைப் பார்த்துட்டேதான் பேசிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"கறி அடைச்ச பலகாரத் தட்டு வந்துச்சு. உன் பாடத்தைவிட உன் மீட் பை தேவலைடான்னான்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அது அண்ணனுடைய பேச்சேதான்.

"போட்டோ எடுக்கும்போது எல்லாரையும் முகமூடியைக் கழட்டச் சொன்னேன். நான்தான் சொன்னேன். இவன் மட்டும் கழட்டலை. அதட்டினதும் கழட்டினான், கையால தாடையை மூடிக்கிட்டான். என்னடான்னா, முகமூடிக்குள்ள யார் பாக்கப்போறான்னு அந்த இடத்துல சவரமே பண்ணலையாம். வெளிய தெரியற இடத்தை மட்டும் வழிச்சிருக்கான்."

செர்வாவுக்கு இது தெரியாது. அந்த வாரம் முழுக்கக் கடையில் அவன் முகமூடியோடுதான் இருந்தான். படுத்த பிறகு யாரையும் உள்ளே விடவில்லை. பெட்டியும் திறக்கப்படவில்லை. அந்த அரைத் தாடியில் நரை இருந்ததா என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்புறம்" என்றாள்.

அஜெக்கும் எதையும் திருப்பிச் சொல்வதை எப்போதோ விட்டிருந்தார். வெளியே வந்து வண்டி பிடிப்பதற்குள் அண்ணன் பேசியது, எந்த நோயாளியின் பெயரை மறந்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டது, எதிர்ப்புறம் வறுத்துக்கொண்டிருந்த வாழைக்காயின் வாசனைக்கு நின்றது என்று துஃபோர் சொல்லிக்கொண்டே போனார். அவள் அவரை மன்னிக்கிற மாதிரியும் இல்லை, விடுகிற மாதிரியும் இல்லை. தட்டை மார்போடு அணைத்தபடி வெயிலில் நின்றாள்.

சூப் ஆறுகிறது, எல்லோரும் சாப்பிட வரலாமா என்று ஜெமைமா வாசலிலிருந்து கேட்டாள்.

செர்வா துஃபோரின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள்.