தகரக் கதவுக்குக் கம்பளி

என் அக்கா புருஷன் ஆர்டனிடம் சாக்குச் சொல்லக் கூடாது. அதை நிஜமென்று நம்பி, சுத்தியலைத் தூக்கிக்கொண்டு சரிசெய்யக் கிளம்பிவிடுவார்.

அக்கா லாவோன் போன டிசம்பரில் இறந்தாள். அதற்கு முந்தின மாதம்தான் கிறிஸ்துமஸுக்கென்று எங்கள் நார்வே ரொட்டியான லெஃப்சா செய்து வைத்திருந்தாள். உருளைக்கிழங்கை மசித்து, மாவு சேர்த்து, மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் வாட்டி எடுப்பது. அவள் தேய்த்தால் கீழே வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம். எல்லாம் தீர்ந்து ஒரே ஒரு நீல டப்பா மட்டும் கார் ஷெட் அலமாரியில் மிஞ்சியது. மினசோட்டாவில் பனி விழுந்துவிட்டால் வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்தான் எங்களுக்கு இரண்டாவது ஃபிரிட்ஜ். அங்கே வைத்தது வசந்தம் வரை கல்லாய்க் கிடக்கும்.

அடக்கம் முடிந்த அன்று அவர்களுடைய ஒரே மகள் கிர்ஸ்டன் அந்த டப்பாவின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இதை யாரும் தொடாதீங்க. நான் வந்து அப்பாவோட உக்காந்து சாப்பிடுவேன்" என்றாள். அம்மா கைப்பக்குவத்தில் அதுதான் கடைசி. ஆர்டனும் தலையாட்டினார்.

மினியாபொலிஸுக்குப் போனவள் அப்புறம் வரவே இல்லை. ஞாயிறுதோறும் ஃபோன் மட்டும் வரும். ஷெட் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது, ராத்திரி நிறுத்தினால் காலையில் கார் கிளம்பாது, குளிர் குறையட்டும் என்பாள். வர மனசில்லாதவளுக்கு வழியெல்லாம் பனி. எங்கள் ஆட்களுக்கு மனசு வலிக்கிறது என்று சொல்ல வாய் வராது. பழியைத் தூக்கிக் குளிர்மேல் போட்டுவிடுவோம். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி ஆர்டனுக்கு மட்டும் தெரியாது.

ஜனவரியில் ஷெட்டின் தகரக் கதவுக்குக் குளிர் தடுக்கும் வேலையை ஆரம்பித்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் அப்போது குளிருக்குத் தப்பி அரிசோனாவில் இருந்தோம். தினமும் ஃபோனில் கதவுப் புராணம்தான். தெர்மாகோல் பலகையைச் சட்டத்தைவிடக் கொஞ்சம் அகலமாக அறுத்து, வில்லாக வளைத்துச் செருகினால் கச்சிதமாக உட்காருகிறதாம். இடுக்குகளுக்கு வெள்ளி டேப் ஒட்டினாராம், அடியில் ரப்பர் பட்டை வைத்தாராம். கனம் கூடிப் போய், மேலே ஏறும் கதவு பாதியில் நின்றுவிட, ஸ்பிரிங்கை முறுக்க ஆளைக் கூப்பிட்டாராம்.

"கதவுக்கே கம்பளி போத்தியாச்சு. குல்லா எப்ப பின்னப் போறீங்க அத்தான்?" என்றேன்.

"உன் வாய்க்கு ஒண்ணு பின்னிட்டு அப்புறம் அதுக்கு" என்று சிரித்தார். அக்கா போனபிறகு அவர் சிரித்துக் கேட்டது அன்றுதான்.

கதவு முடிந்ததும் மகளுக்குச் சொன்னார். அவளுக்கும் வேறு சாக்கு இல்லை. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

அந்த வாரம்தான் நாங்கள் ஊர் திரும்பினோம். நான் ஒரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஷெட்டுக்குள் காலை வைத்தால், வீட்டுச் சூடு வெளியே போகாமல் இதமாக இருந்தது. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அத்தான், அந்த டப்பா எங்க?"

அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. மகள் வராமல் திறப்பதா என்று முறைத்தார். நான் பிடுங்கித் திறந்தேன். மேலே பச்சையாகப் பூசணம். அவர் டப்பாவை வாங்கினார். ஒவ்வொன்றாக எடுத்தார், அடியிலாவது ஒன்று தேறாதா என்று. ஒன்றும் தேறவில்லை. பாவி மனுஷன்! நல்லது செய்யப் போய் இப்படியா வர வேண்டும்?

நான் புதிதாகச் செய்து தருகிறேன், அவளுக்கு எதற்குத் தெரியவேண்டும் என்று கெஞ்சினேன். என் லெஃப்சாவைப் பூட்ஸுக்கு அடிப்பாகமாகத் தைக்கலாம் என்று அக்காவே சொல்லுவாள். ஆர்டன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மகளிடம் பொய் சொல்ல மாட்டாராம்.

சனிக்கிழமை அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஷெட்டிலேயே நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார். கிர்ஸ்டன் காலி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைப் பார்த்தாள், அதில் வரிசையாக ஒட்டியிருந்த வெள்ளி டேப்பைப் பார்த்தாள்.

"குளிரு, காருன்னு சொன்னதெல்லாம் சும்மாப்பா. அம்மா இல்லாத அடுக்களைக்குள்ள வர முடியல. அதைச் சொல்ல வாய் வரல."

"நானும்தான் அதுக்குள்ள போறதில்ல. இந்தக் கதவு இருந்துச்சு, இங்கேயே பொழுதைப் போக்கிட்டேன்" என்றார் ஆர்டன்.

அன்றும் நான் கொண்டுபோன சாப்பாட்டை மூவரும் ஷெட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுக்களைக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வெளியே மைனஸ் முப்பது. முன்பெல்லாம் இந்தக் குளிரில் அவள் கார் செத்துக் கிடக்கும். லாவோன் உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டே லெஃப்சாக் கல்லைக் காயவைப்பாள். மகள் இன்னும் ஒரு நாள் தங்குவாள்.

கிர்ஸ்டன் சாவியைத் திருகினாள். கார் உடனே கிளம்பியது.

"பார்த்தியா மார்லிஸ், ஒரே திருகுல கிளம்பிடுச்சு" என்றார் என்னிடம்.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தபிறகும் அவர் கதவை இறக்கவில்லை. உள்ளே இருந்த சூடெல்லாம் போய்விட்டது. நானும் மூடச் சொல்லவில்லை.