இரண்டாவது பிரேக்

கார் ஓட்டச் சொல்லித்தரும் டீச்சரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அதை மிதித்துவிடுவாள். வருடக்கணக்கான பழக்கம். பஸ்ஸில் போனாலும், சினிமாவில் கார் சீறிக்கொண்டு வந்தாலும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும். தம்பிக்கு அதுதான் ஓயாத கிண்டல்.

இன்றைக்கு அவளைத் தேசியப் பூங்காவின் மலை உச்சிக்குக் கிளப்பிக் கூட்டி வந்தவனும் அந்தத் தம்பிதான். கூடவே தெருமுனைப் பேக்கரிக்காரர். மனைவியை இழந்தவர். "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தார். "உச்சிக்கு வாங்க, சொல்றேன்" என்றிருந்தாள் டீச்சர்.

அவளுடைய முதல் கணவர் அசகாய சூரர். பயம் என்றால் என்னவென்றே தெரியாது. பயப்படாமலே கடையைத் தொலைத்தார், வீட்டைத் தொலைத்தார், கடைசியில் அவளையும் தொலைத்தார். அதற்கப்புறம் வந்த வரன்களை எல்லாம் அவள் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே தட்டிக்கழித்துவிட்டாள்.

புல்மேட்டில் பேக்கரிக்காரர் நன்றாகவே நடந்தார். மாவு பொங்காத நாட்களில் தான் முழித்த முழியைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். அவளுக்கு மனிதரைப் பிடித்துத்தான் இருந்தது. பிடித்துப்போனதுதான் கலக்கமாகவும் இருந்தது.

மரங்கள் முடிந்து பாறை வந்தது. கம்பித் தடுப்புக்கு அப்பால் நிலமே இல்லை. எங்கோ கீழே காடும், அதன்மேல் மிதக்கும் மேகமும் தெரிந்தன. பேக்கரிக்காரர் தோள்பையோடு பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு உயரம்னா கை கால் உதறும்ங்க. நீங்க போய்ப் பாருங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?" என்றான் தம்பி.

"கிளம்பும்போதே உங்ககிட்டதானே சொன்னேன்! நீங்கதான் சிரிச்சீங்க."

தம்பி அசடு வழிந்தான். டீச்சர் தனியாகக் கம்பியருகே போய் நின்றாள். காற்று ஆளையே தள்ளியது. பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பேக்கரிக்காரர் உட்கார்ந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தார். அவள் வலது கால் பாறையை அழுத்தியது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். "யாருக்குங்க பிரேக் போடறீங்க?"

"உங்களுக்குத்தான்."

"உட்கார்ந்துக்கிட்டே வர்றேன். இதைவிட மெதுவா எப்படிங்க வர்றது?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கார் கற்க வந்தவர்களில் 'எனக்கு எல்லாம் தெரியும் மேடம்' என்றவர்கள்தான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல் சுவரையே இடித்தவர்கள். 'பயமா இருக்கு' என்று சொன்னவர்களை நம்பி அவள் சாலைக்கே அனுப்பியிருக்கிறாள். காலைத் தளர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணைத் திறந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார். மனசு நிறைந்துவிட்டது அவளுக்கு.

தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, சாருக்குப் பதில் சொல்லிட்டியா இல்லையா?"

டீச்சர் எழுந்து பேக்கரிக்காரரிடம் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"இறங்கலாம் வா. மாமாவோட பையை நீ தூக்கிக்கோடா."